ஷாத்தோ கய்யார் விழுந்த விதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரின் ஐரோப்பியக் கோட்டைகள் கட்டுரையில் பிரான்ஸின் ஷாத்தோ கய்யாருக்கு இரண்டே வரிதான். கட்டட வேலையில் காலம் தள்ளிய எனக்கு மனம் கேட்கவில்லை.

சேன் ஆற்றுக்கு மேலே, சுண்ணாம்புக் குன்றின் நுனியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1196 முதல் 1198 வரை கட்டியது அது. இயந்திரம் இல்லாத காலத்தில் என்ன வேகம்! உள்மதிலை நேராக எழுப்பாமல் அரைவட்டங்களை அடுக்கி அலையலையாக வளைத்திருக்கிறார்கள். கவண்பொறி எறியும் கல் வளைவில் பட்டு வழுக்கித் தெறிக்கும்.

அதையும் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் மாதக்கணக்கில் முற்றுகையிட்டு 1204 மார்ச்சில் பிடித்தார். உணவை மிச்சப்படுத்த, அடைக்கலம் வந்த ஊர் மக்களைக் கோட்டைக்காரர்களே வெளியேற்றினார்கள். இரு தரப்புக்கும் நடுவே குளிரிலும் பசியிலும் பலர் செத்தார்கள். பிலிப்பின் ஆட்கள் வெளிக் கோபுரத்தை அடியில் தோண்டிச் சாய்த்தார்கள். அடுத்த மதில் சுற்றுக்குள் ஒரு திறப்பு வழியாகச் சிலர் ஏறிப் புகுந்தார்கள் (கழிவறைத் துளை என்பார் சிலர், தேவாலயச் சன்னல் என்பார் சிலர்). கடைசியில், உள்வாசலுக்குப் போகும் பாறைப் பாலமே மதிலடியில் தோண்டியவர்களுக்குக் கூரையாகிவிட்டது. மரப்பாலமாக இருந்தால் எரித்துத் தள்ளியிருக்கலாம். என் கணக்கில் அதுதான் பெரிய பிழை.

நம் பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டை தாழ்வாக இருப்பதைக் கட்டுரையாளர் குறை சொல்கிறார். பீரங்கிக்கு உயரமான சுவர் எளிய இலக்கு ஐயா. தாழ்ந்த மதிலும் நட்சத்திர வடிவமும் அதற்காகத்தான். 1804இல் அதைச் செங்கல்லால் எழுப்பியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு உண்டு. அதையாவது விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கொத்தனார்,
ஜெலுத்தோங், பினாங்கு