ஆறு மாதம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு வரச் சொன்ன குழுவினருக்கு

மதிப்பிற்குரிய சிகிச்சை ஒப்புதல் குழுவின் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

என் தம்பியின் கோப்பு உங்கள் மேசைக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் ஒரே வரியோடு திரும்பியது: "ஆறு மாதம் போதைப்பழக்கம் இல்லை என்று உறுதியான பின் மீண்டும் அனுப்பவும்." அவனுக்கு என்ன நோய், எத்தனை வருடமாக, போதை ஊசி எப்போது தொடங்கியது என்பதெல்லாம் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். அவன் ஊசியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான மாத்திரையை இப்போதே தொடங்குங்கள்.

கோப்பில் இல்லாதது ரத்தம் எடுத்த கதை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறு வருடம் ஊசி குத்திய கை அது. முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி இறுகிக் கிடக்கிறது, குத்தினால் ஒரு சொட்டு வராது. முதலில் ஆன்டிபாடி பரிசோதனை, வைரஸ் எப்போதாவது உடம்புக்குள் வந்ததா என்று காட்டுவது. பாசிட்டிவ். அதை வைத்து மட்டும் வைரஸ் இப்போதும் உடம்பில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, நாலில் ஒருவருக்குத் தானாகவே போய்விடும், அதனால் வைரஸ் அளவு பார்க்க இன்னொரு நாள் வரவேண்டும் என்றார்கள். முதல் நாள் எடுத்த ரத்தத்திலேயே அதையும் பார்த்திருக்கலாமே என்று அங்கே ஒரு டெக்னீஷியன் பெண் என் காதருகே சொன்னாள். சரி, போனோம். ஆறு இடத்தில் குத்தினார்கள். ஏழாவது இடம் தேடும்போது ரத்தம் எடுப்பவர், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உனக்குத்தான் நல்லா குத்தத் தெரியுமே, நீயே எடுத்துக் குடு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நாற்பத்தோரு வயது ஆள். சிரித்தபடியே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனவன் எட்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, ஒரு மணி நேரத்தில் வைரஸ் உண்டா இல்லையா என்று சொல்லும் கருவிகள் வந்து பல வருடம் ஆகிறது. எனக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப அழைத்து வந்தேன். புறங்கையில் ஒரு நரம்பு கிடைத்தது. வைரஸ் இருந்தது. அதையெல்லாம் தாண்டி வந்தவனுக்குத்தான் அந்த ஒரு வரி.

ஒழுங்காக மாத்திரை போட மாட்டான் என்பது உங்கள் பயம். இன்டர்ஃபெரான் என்ற பழைய மருந்தின் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது: வாரா வாரம் ஊசி, ஒரு வருடம் வரை இழுக்கும், மனச்சோர்வு வேறு. இப்போது நாளுக்கு ஒரு மாத்திரை, 12 வாரம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை கொடுக்கப்பட்ட 103 பேரும் அதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் ஊசி போட்டவர்கள். ஆம், நீங்கள் காரணம் காட்டும் அதே ஆறு மாதம். அவர்களில் 94 சதவீதம் பேருக்கு வைரஸ் போய்விட்டது. அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனமும், நோய் எந்த நிலையில் இருந்தாலும் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சிகிச்சை கொடுங்கள் என்றது.

மறுபடி தொற்றிக்கொண்டால் மாத்திரை வீண் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். தொற்றலாம். குணமான பிறகும் ஊசி போடுகிறவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேர் அளவில் அப்படி ஆகிறது. போதை ஊசிக்குப் பதிலாக மருத்துவர்கள் கொடுக்கும் மெதடோன், புப்ரெனோர்ஃபின் எடுப்பவர்களிடம் இன்னும் குறைவு. அந்த ஆறு பேருக்காக மற்றத் தொண்ணூற்று நாலு பேரையும் வாசலில் நிறுத்துவது என்ன கணக்கு? அந்த ஆறு பேருக்கும் மறுபடி கொடுத்தால்தான் என்ன? இந்த வைரஸ் ஒரு சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் பரவுவதை நிறுத்த முதலில் யாருக்கு மருந்து கொடுக்க வேண்டும்? நீங்கள் யாரைத் திருப்பி அனுப்புகிறீர்களோ அவர்களுக்குத்தான்.

ஒவ்வொரு ஜூலை 28 அன்றும் உங்கள் நுழைவாயிலில் பேனர் கட்டுகிறீர்கள். 2030க்குள் ஒழிப்போம் என்று எழுதியிருக்கிறது. நல்லவர்களிடமிருந்து மட்டும் ஒழிப்போம் என்றும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தால் நாங்கள் வீணாக டோக்கன் வாங்கியிருக்க மாட்டோம். காத்திருப்போர் அறையில் ஒருவர் வைத்திருந்த மாத்திரைப் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருந்தியவர்களுக்கு மட்டும் என்று அதில் எங்கும் அச்சிடவில்லை. குடித்துக் கெட்ட கல்லீரலிலும் இதே பார்வைதான், பருமனானவர்களிடமும் இதே பார்வைதான். உடம்பைப் பார்க்கும் முன் ஆளை எடைபோட்டுவிடுகிறீர்கள்.

மன்னிக்கவும். சண்டை போட வரவில்லை. உங்களில் சிலர் இரவு எத்தனை மணிவரை வார்டில் நிற்கிறீர்கள் என்று பார்த்திருக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேனில் அவனுக்கு 8 கிலோபாஸ்கல். போன மாதம் 11. கல்லீரலில் சுருக்கம் (சிரோசிஸ்) விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு வைரஸ் போனாலும் புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஊசியை விடவும் முயற்சி செய்துகொண்டிருக்கிறான். அது ஒரு பக்கம் நடக்கட்டும். மாத்திரைக்கு அதை நிபந்தனையாக வைக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் அவன் கோப்பை மறுபடி எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, மருந்து தொடங்க ஒப்புதல் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதே வரியோடு திரும்பிய மற்றக் கோப்புகளையும் சேர்த்து எடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுபடியும் ரத்தம் வேண்டுமென்றால் வலது புறங்கையில், சுண்டுவிரல் பக்கம் அந்த ஒரு நரம்பு இன்னும் இருக்கிறது. அங்கே எடுக்கச் சொல்லுங்கள். பேசாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் அக்கா