புகையை அளக்காத புகைச் சான்றிதழ்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆவது விதிப்படி, பதிவாகி ஓராண்டு கடந்த வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் கட்டாயம். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வண்டிக்காரரிடம் இவ்வளவு கண்டிப்புக் காட்டும் அரசு, சான்றிதழ் வழங்கும் பரிசோதனை மையங்களிடமும் அதே கண்டிப்பைக் காட்டுவதாகத் தெரியவில்லை.

டீசல் வண்டியானால், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரைப் பலமுறை முழுவதுமாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் வெளிவரும் புகையின் அடர்த்தியைக் கருவியில் பதிய வேண்டும். பெட்ரோல் வண்டியானால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சைலன்சருக்குள் குழாயைச் செருகி, கார்பன் மோனாக்சைடு முதலியவற்றின் அளவை எடுக்க வேண்டும். அண்மையில் காரைக்குடிப் பக்கம் ஒரு மையத்துக்கு என் பெட்ரோல் காரைக் கொண்டுசென்றபோது, கருவி உறை போட்டபடியே மூலையில் கிடந்தது. எண் பலகையைச் செல்பேசியில் படமெடுத்துக்கொண்ட ஊழியர், சற்று நேரத்தில், தசமப் புள்ளியோடு அளவுகள் அச்சான தாளை நீட்டினார். எஞ்சினை அணைத்து வைத்திருந்த வண்டியின் அளவு அது! கேட்டதற்கு, "நல்ல வண்டிதானே சார், எப்படியும் பாஸ் ஆயிடும்" என்றார்.

அவரை மட்டும் நொந்து பயனில்லை. கரும்புகை கக்கும் லோடு வண்டி ஒன்றை ஒரு மையம் முறையாகச் சோதித்துத் திருப்பி அனுப்பினால், அது அடுத்த மையத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடும். நட்டம் நேர்மையாகத் தொழில் செய்பவருக்குத்தான். இது நம் ஊர் நோய் மட்டுமன்று. 2025-இல் தில்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வரம்பை மீறிப் புகை விட்ட 1.08 லட்சம் வண்டிகளுக்கு அங்கே சான்றிதழ் வழங்கப்பட்டதையும், ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்ததையும் சுட்டிக்காட்டியது.

சான்றிதழ் விவரங்கள் எல்லாம் இணையத்தில் ஏறுவதால், எந்த மையம் எத்தனை வண்டிகளைத் தேறவில்லை என்று திருப்பி அனுப்பியது என்பதைப் பார்ப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பெரிய வேலையாக இருக்காது. மாதக்கணக்கில் ஒரு வண்டியைக்கூடத் திருப்பி அனுப்பாத மையம் இருந்தால், முதலில் சோதிக்க வேண்டியது அந்த மையத்தைத்தான். முன்னறிவிப்பின்றி, புகை மிகுந்த பழைய டீசல் வேன் ஒன்றைச் சாதாரண வாடிக்கையாளரின் வண்டிபோல அங்கே அனுப்பிப் பார்க்கவும், சோதிக்காமல் சான்றிதழ் கொடுத்தால் அந்த மையத்தின் உரிமத்தை ரத்து செய்யவும் போக்குவரத்துத் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.