உள்ளே சாயும் பாதத்துக்கு எந்த ஷூ? பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய வீடியோவை வேகத்தைக் குறைத்துப் பலமுறை பார்த்தேன். கடையில் சொன்னது சரிதான். தரையில் பட்டதும் உன் இரண்டு குதிகாலும் உள்பக்கம் சாய்கின்றன, இடது கால் கொஞ்சம் கூடுதலாக. பாதம் அளவுக்கு மீறி உள்ளே சாயும் ஓவர்ப்ரொனேஷன்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப் பயந்துபோய், அந்தச் சாய்வை விறைப்பாகத் தடுக்கும் மோஷன் கன்ட்ரோல் வகையில் இருப்பதிலேயே கடினமான ஷூவையே வாங்கிவிடட்டுமா என்று கேட்கிறாயே, அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதைக்கு வேண்டாம்மா.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ஓடும்போது பாதம் உள்ளே சாய்வது எல்லோருக்கும் நடப்பது. வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி, தரையிலிருந்து வரும் அடியைப் பாதம் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. சிலருக்கு அந்தச் சாய்வு அதிகம், சிலருக்குச் சாய்ந்த பாதம் நிமிரத் தாமதமாகிறது, அவ்வளவுதான். உனக்கு என்னுடைய தட்டைப் பாதம். நடக்கத் தொடங்கியதிலிருந்தே நீ இப்படித்தான் மிதிக்கிறாய். கால் எலும்பின் உள்ஓரத்தில் வலி வந்ததோ இப்போதுதான். இடையில் மாறியது என்ன? அரை மாரத்தானுக்காக வாராவாரம் தூரத்தைக் கூட்டினேன், ஏற்றத்திலும் ஓடினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். என் கணிப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. ஷூ உதவும், ஆனால் தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஷூவை மட்டும் மாற்றினால் அந்த வலி போகாது.

சரி, ஷூவுக்கு வருகிறேன். கடையில் உனக்கு எடுத்துக் கொடுத்த ப்ரூக்ஸ் ஏரியல், அதே கம்பெனியின் பீஸ்ட் ஷூவுக்குப் பெண்கள் பக்கத்து ஜோடி. இரண்டும் இந்த வகையின் உச்சம் என்று சொல்லலாம். அடிப்பாகம் அகலம், குதிகாலைச் சுற்றியுள்ள கிண்ணம் விறைப்பு, ஷூவைக் கையில் பிடித்து முறுக்கினால் லேசில் முறுகாது, எடையும் அதிகம். குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட 12 மில்லிமீட்டர் உயரம். பழைய மோஷன் கன்ட்ரோல் ஷூக்களில் மிட்சோலின், அதாவது அடித்தோலுக்கு மேலே உள்ள நுரை அடுக்கின், உள்பக்கம் மட்டும் இன்னொரு நிறத்தில், கட்டை விரலால் அழுத்தினால் அமுங்காத கெட்டி நுரை வைத்திருப்பார்கள், உள்ளே சாயும் பாதத்தை அது தடுத்து நிறுத்தும் என்ற கணக்கில். தடுக்கவும் செய்யும், ஆனால் குறைவது பெரும்பாலும் சில டிகிரிதான். அந்தச் சில டிகிரிக்காக விறைப்பையும் எடையையும் ஒவ்வொரு அடியிலும் நீ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இப்போது கம்பெனிகளே அந்தக் கெட்டி நுரையைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. ப்ரூக்ஸ் அட்ரினலின் ஜிடிஎஸ்ஸை 19ஆவது பதிப்பில் மாற்றினார்கள். உள்பக்க நுரையை எடுத்துவிட்டு, குதிகாலின் இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர் மாதிரி ஒன்றை வைத்தார்கள், கைட் ரெயில்ஸ் என்று பெயர். பாதம் அளவோடு சாயும்போது அது குறுக்கே வராது, அளவு மீறினால்தான் தாங்கும். 1993 முதல் வருகிற ஆசிக்ஸ் ஜெல் கயானோவிலும் 2023இல் வந்த 30ஆம் பதிப்பில் அந்த கெட்டிப் பகுதி இல்லை, அடிப்பாகத்தை அகலமாக்கி, பாதத்தின் உள்வளைவுக்குக் கீழே துள்ளும் நுரை வைத்துத் தாங்குகிறார்கள். ஹோகா அராஹியில் ஜே எழுத்து வடிவில் கொஞ்சம் கெட்டியான நுரை உள்பக்கத்திலிருந்து குதிகாலைச் சுற்றி வருகிறது. எடை குறைவு, குதிகால் உயரமும் ஏரியல் அளவு இல்லை. ஆனால் குதிகால் தாழ்ந்தால் கெண்டைக்காலுக்கு வேலை கூடும், உனக்கு அது ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறது என்பதால் அராஹிக்குப் போனால் மெதுவாகப் பழகு.

உனக்கு என் தேர்வு அட்ரினலின் அல்லது கயானோ. மெத்தென்று இருப்பது பிடித்தால் கயானோ, கால் தரையை உணர வேண்டும் என்றால் அட்ரினலின்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று நீ கேட்பாய், தெரியும். ஒரே குரலில் சொல்லவில்லை. 2011இல் வந்த ஓர் ஆய்வில், அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்த 81 பெண்களுக்கு சாய்வைத் தடுக்காத நியூட்ரல், மிதமாகத் தாங்கும் ஸ்டெபிலிட்டி, மோஷன் கன்ட்ரோல் என்று ஷூக்களைப் பிரித்துக் கொடுத்து 13 வாரம் பார்த்தார்கள். மோஷன் கன்ட்ரோல் போட்டவர்களிடம்தான் காயமும் வலியும் அதிகம் தெரிந்தது. 2014இல் டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு நியூட்ரல் ஷூ கொடுத்து ஒரு வருடம் தொடர்ந்தார்கள், மிதமாக உள்ளே சாயும் பாதம் உள்ளவர்களுக்குக் காயம் கூடவில்லை. ஆனால் 2016இல் லக்ஸம்பர்க்கில் 372 பேரை ஆறு மாதம் பார்த்தபோது மோஷன் கன்ட்ரோல் போட்டவர்களுக்குக் காயம் குறைவு, அந்தப் பலன் முக்கியமாக உள்ளே சாயும் பாதக்காரர்களிடம் தெரிந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, பாதத்தின் உருவத்தை மட்டும் பார்த்து ஷூவை எழுதிக் கொடுக்க முடியாது. காலில் போட்டு ஓடிப் பார்க்கும்போது எது இடைஞ்சல் இல்லாமல் இருக்கிறதோ, அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அதனால் கடைக்குச் சாயங்காலமாகப் போ, பகல் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொள். ஒரு காலில் கயானோ, இன்னொரு காலில் அட்ரினலின், அப்புறம் மாற்றிப் போட்டுப் பார். நின்று பார்த்தால் எல்லா ஷூவும் நன்றாகத்தான் இருக்கும், கொஞ்ச தூரம் ஓடவிடச் சொல்லிக் கேள். பாதத்தின் உள்வளைவில் ஏதோ முட்டுகிற மாதிரி இருந்தால் அந்த ஷூவைக் கழற்றிவிடு, போகப் போகப் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். தனியாக உள்வளைவைத் தாங்கும் இன்சோல், ஷூவுக்குள் போடும் மெத்தை, வைத்திருக்கிறாயே, அதைப் போடுவதென்றால் ஷூவோடு வந்ததை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். கெட்டியான ஷூவுக்குள் கெட்டியான இன்சோலும் சேர்ந்தால் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளிவிடும், அப்புறம் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்பாய்.

பழைய ஷூவின் குதிகால் வெளி ஓரத்தில் தேய்ந்திருக்கிறதே, அப்படியானால் எனக்கு ஓவர்ப்ரொனேஷன் இல்லையா என்று குழம்பியிருந்தாய். அதை வைத்து முடிவு செய்யாதே. பெரும்பாலோர் குதிகாலின் வெளி ஓரத்தில்தான் இறங்குகிறார்கள், உள்ளே சாய்வது அதற்குப் பிறகு.

ஏரியலை எப்போது வாங்கச் சொல்வேன் தெரியுமா? தூரத்தைக் குறைத்து, அட்ரினலினிலோ கயானோவிலோ சில வாரம் ஓடிய பிறகும் கணுக்காலின் உள்பக்கம் வலித்தால், அல்லது களைத்த பிறகு பாதம் அப்படியே சரிந்து விழுவதை வீடியோவில் பார்த்தால், அப்போது அது சரியான ஷூ. உள்வளைவைத் தாங்கும் தசைநார் தளர்ந்தவர்களுக்கு அந்த விறைப்பு நிஜமாகவே ஆறுதல். அந்த நிலைக்கு நீ வந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புது ஷூவை முதலில் சின்ன ஓட்டங்களுக்கு மட்டும் போடு, பழையதையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்து. வாரத்தில் சில நாள் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கு, இடுப்புப் பக்கத் தசைகளுக்கும் பயிற்சி கொடு. முழங்கால் உள்ளே போவது பாதத்தால் மட்டும் இல்லை, இடுப்பு பலவீனமாக இருந்தாலும் நடக்கும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதே. வலிக்கிற அந்தக் கால் எலும்பை விரலால் தடவிப் பார். வலி நீளமாகப் பரவியிருந்தால் ஓய்வும் நான் சொன்னதும் போதும். ஒரே புள்ளியில் அழுத்தும்போது சுரீர் என்றால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். எலும்பில் மெல்லிய கீறல் விழுந்திருக்கலாம், அதற்கு எந்த ஷூவும் மருந்து இல்லை. இன்றைக்கே தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு, அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா