தண்ணீர் மில்லுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

நேற்று மாலை, தண்ணீர் விசையில் தானியம் அரைக்கும் நம் மில்லின் மதகைத் திறந்தோம். சக்கரம் முதலில் அசையவே இல்லை. அப்புறம் ஒரு முனகலோடு கால் சுற்று போய் நின்றது, கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன், ஆறப்போட்டால் எழுத மாட்டேன்.

மில்லுக்குள் வெள்ளம் புகுந்தபின் நடந்ததை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை, நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். சேறு அள்ளியவர்கள், பம்பை ராத்திரி முழுக்க ஓட்டியவர்கள், அடித்துக்கொண்டு போன மதகுப் பலகையைத் தேடிப்பிடித்து இழுத்துவந்த பையன்கள், அரைக்கும் மேல்கல்லைத் தூக்கச் சங்கிலிக் கப்பி கொடுத்தவர், வேளாவேளைக்குச் சாப்பாடு அனுப்பியவர்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்ல ஆரம்பித்தால் கண்டிப்பாக யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் நாள் காலையில் ஒரு அம்மா வந்தார். இடுப்பு வலி, குனிய முடியாது, வேறு ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மண்வெட்டி பிடிக்கிற கை வேண்டிய நேரத்தில் இவர் எதற்கு என்று நினைத்து, அந்தக் குப்பையைப் பிரித்துக்கொண்டிருங்கள் என்று கைகாட்டினேன்.

அந்தக் குப்பையில்தான் மில்லின் பழைய பேரேடு கிடந்தது. ஊறி உப்பிப்போன அதை முந்தின நாள் தூக்கி எறிந்தது நான்தான். அரை மணி நேரத்தில் அந்த அம்மா அதை ஒரு பலகைமேல் வைத்து ஏந்திக்கொண்டு வந்து, "யார் வீட்டிலாவது ஃபிரீசர் இருக்கிறதா?" என்று கேட்டார். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். நனைந்த தாளில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடுமாம், உறைய வைத்துவிட்டால் அது நிற்கும், அப்புறம் நிதானமாக உலர்த்தலாம் என்றார். அப்படியே செய்து வீட்டுக்கும் கொண்டுபோனார். சில தாள்களுக்கு ஒருமுறை மை ஒற்றும் தாளைச் செருகி, அது ஈரம் குடித்ததும் மாற்றி, மின்விசிறியைப் பேரேட்டின் பக்கம் திருப்பாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, வெயிலே காட்டாமல், மூன்று வாரம். நான் போய்ப் பார்த்தபோது சாப்பாட்டு மேசை முழுக்க ஈரத்தாள்கள். அவர் வீட்டார் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அதைப் படிக்க முடிகிறது. யார் எத்தனை மூட்டை கொண்டுவந்தார்கள், கூலியாகத் தானியத்தில் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள், கல் கொத்திய நாள், வெறுமனே "தண்ணீர் இல்லை" என்று மட்டும் எழுதிய நாள். கடைசிப் பக்கங்களில் வரிகள் குறைந்துகொண்டே போகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்லுக்குப் பதில் உருளைகளால் அரைக்கும் உருளை மில்கள் வந்தபின் கல்மில்கள் பலவற்றுக்கு இந்தக் கதிதான்.

உள்ளட்டையில் பென்சிலில் ஒரு வரி: "பெரிய சக்கரம் 73. குறைக்காதே." பென்சில் எழுத்துத் தண்ணீரில் கரையாது, அதனால் தப்பியது. அந்த வாரம்தான் நாங்கள் பல்சக்கரத்துக்குப் புதுப் பல் செதுக்க இருந்தோம். விளிம்பில் ஒரு துண்டே உடைந்துபோயிருந்ததால் எண்ணிக்கை சரியாகத் தெரியவில்லை. 72 என்று வைத்துக்கொண்டோம், வட்டத்தைப் பிரிக்க வசதி, சின்னச் சக்கரத்தின் 24-க்கும் கச்சிதமாக மூன்று மடங்கு. அந்தக் கச்சிதம்தான் வினை. 72 வைத்தால் சின்னச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் அதே மூன்று பற்களோடுதான் மோதும், ஒரு பல்லில் கோளாறு இருந்தால் அந்த மூன்றையும் தின்றுவிடும். ஒரு பல் கூடுதலாக இருந்தால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் பரவிவிடும். தச்சர் அந்த வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் கோடு போட்டதையெல்லாம் அழித்தார்.

கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் பல்சக்கரம் வைத்த தண்ணீர் மில்லை விவரித்திருக்கிறார். 537-இல் ரோமை முற்றுகையிட்டவர்கள் மில்களுக்குப் போகிற கால்வாய்களை வெட்டியபோது, நகரைக் காத்துநின்ற தளபதி பெலிசாரியஸ் அங்கே ஓடும் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி அதன்மேல் மில் ஓட்டினார். இதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 73 என்று எழுதிய மில்காரரின் பெயர்தான் பேரேட்டில் எங்கேயும் இல்லை, எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பேரேட்டை முழுக்கப் படியெடுக்கப் போகிறேன், இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீட்டில். முதல் பிரதி அந்த அம்மாவிடம்தான்.

அப்புறம், மில்லில் ஆறு மண்வெட்டியும் ஒரு பச்சை வாளியும் மிச்சம் இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.