நினைவுத் தகட்டில் பெயர் பொறிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரிலோ அதன் பின் வந்த அவசரகாலத்திலோ மாண்ட ஆட்டக்காரருக்கு நினைவுத் தகடு வைக்க விரும்பும் மலேசியத் தோட்டக் காற்பந்து மன்றங்களுக்காக இதை எழுதுகிறோம்.

'போரில் வீரமரணம்' என்று மட்டும் பொறித்துவிடாதீர்கள். அவர் எந்தப் பணியில் இருந்தார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பதிவு எங்கே கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது. மலாயாத் தொண்டர் படையிலோ பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலோ இருந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் இலவசமாகத் தேடலாம். உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் உள்ளன. முத்துசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள். படை எண் கிடைத்தால் அதைக் கொண்டு தேடுவதே நல்லது.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் (1948–1960) தோட்டக் காவலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்து சுடப்பட்டவர் ஆணையத்தின் பதிவில் வரமாட்டார்; அது 31.12.1947உடன் முடிகிறது. போலீஸ் தரப்பில்தான் கேட்க வேண்டும்.

சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கூலிகளாகப் போனவர்கள் நிலை வேறு. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நம் தோட்டத்து ஆள்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் வரிசையாக நிற்கும் பெயர்க்கற்கள் போர்க்கைதிகளுடையவை. நம்மவர் பெயர்களை அங்கே தேடிப் பயனில்லை. உங்கள் மன்றச் சுவரில் இருப்பதே அவர் பெயர் எழுதப்பட்ட ஒரே இடமாக இருக்கலாம். மரியாதைக்காக அவரைப் 'படைவீரர்' ஆக்கினால் அவர் பட்ட துன்பம் மறைந்துபோகும். 'சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டார், 1943' என்றே எழுதுங்கள். நாள் தெரியாவிட்டால் ஆண்டு போதும், ஊகித்துப் போட வேண்டாம்.

ஜப்பான்காரன் காலத்துப் பத்திரத்தில் 2602 என்றிருந்தால் அது ஜப்பானிய ஆண்டு; 660ஐக் கழியுங்கள்: 1942. ஜப்பானிய மன்னரின் ஆட்சியாண்டைக் குறிக்கும் 'ஷோவா 17' என்பதும் அதே ஆண்டுதான்.

பித்தளைத் தகடு வைப்பதானால் எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். மேலோட்டமாக வெட்டியது அடிக்கடி பாலிஷ் போடுவதில் தேய்ந்துவிடும். அமோனியா புழங்கும் ரப்பர் பால் கொட்டகைக்கு அருகில் பித்தளை வேண்டவே வேண்டாம், அது அரிக்கும். அங்கே கருங்கல்தான் சரி. இரும்புத் திருகாணி துருப்பிடித்து எழுத்தின் மேலேயே வழியும்.

தமிழ் எழுத்தில்தான் பெரும் தவறு நேர்கிறது. கடைக்காரர் கணினியில் நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு இல்லையென்றால் ஒற்றெழுத்தின் புள்ளி உதிரும், கொம்பு இடம் மாறும். எழுத்தை வடிவக்கோடாக (outline) மாற்றிய கோப்பையே கொடுங்கள். வெட்டுவதற்கு முன் தாளில் அச்சடித்து வாங்கி, இறந்தவரின் உறவினர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டக் காற்பந்து மன்றச் செயலவையினர்,
சுங்கை சிப்புட், பேராக்