மல்லிகாவுக்கு, இவர் இளைத்த கதை

மதுரை

அன்புள்ள மல்லிகா,

இங்கே நலம். அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே? பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ திட்டப்போவது தெரியும். ஆவணியில் கௌரி வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். பள்ளிக்கூடம் திறந்த அமளி, நடுவில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அம்மா இப்போது அமோகமாக இருக்கிறாள். சீரியலில் எந்த மாமியார் போன வாரச் சேலையையே திரும்பக் கட்டியிருக்கிறாள் என்பதுவரை தெரிகிறதாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கௌரி சொன்னது நிஜம்தான். இவர் எட்டு கிலோ இளைத்திருக்கிறார். ஆனால் அவள் சொன்ன மாதிரி மாப்பிள்ளைக் களையெல்லாம் இல்லை. சட்டை தோளில் தொங்குகிறது. விசேஷ வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைத் தனியாக ஓரங்கட்டி, "அண்ணனுக்குச் சுகர் வந்துருச்சா?" என்று கேட்கிறார்கள். நம் ஊரில் ஒரு மனிதன் வேண்டுமென்றே இளைப்பான் என்று யார் நம்புவார்கள்?

ஆரம்பித்தது போன கார்த்திகையில். ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதுதான் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி, 6.5 என்றால் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இடுப்பளவும் ஆண்களுக்குச் சொல்லும் 90 சென்டிமீட்டரை எப்போதோ தாண்டியிருந்தது. டாக்டர் நல்ல மனுஷன். "எடையைக் குறைங்க, சோற்றைக் குறைங்க, நடங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவர் அதோடு விடுகிற ஆளா? பேங்கில் பத்து பைசா உதைத்தால் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து டேலி பண்ணிவிட்டு வந்தவர். போனில் ஒரு கலோரி செயலி, அடுப்படியில் ஒரு டிஜிட்டல் தராசு. அதிலிருந்து என் வீட்டில் தேங்காய்ச் சட்னிகூட எடை போட்டுத்தான் தட்டுக்கு வந்தது.

கூத்தைக் கேள். செயலியில் "இட்லி" என்று தட்டினால் 40 கலோரி இட்லியும் இருக்கிறது, 75 கலோரி இட்லியும் இருக்கிறது. "நம்ம இட்லி எதுடி?" என்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? சாம்பார் இன்னும் மோசம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் ஒரு பெரிய அட்டவணை போட்டது. நாடு முழுக்க மாதிரிகள் எடுத்து, அரிசி, பருப்பு, கீரை என்று ஐந்நூறுக்கு மேற்பட்ட பொருள்களைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அது பச்சைப் பொருளுக்கான கணக்கு. அந்தப் பருப்பு என் குக்கருக்குள் போய், தாளிப்பு வாங்கி, தண்ணீர் விட்டு, ராத்திரி சூடு பண்ணி வரும்போது ஒரு கரண்டியில் என்ன இருக்கும் என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது.

நான் பதினொன்றாம் வகுப்புக்குச் சூட்டை அளக்கிற கலோரிமீட்டர் பாடம் நடத்துகிறவள், அதனால் எனக்கு இந்தக் கணக்கு பூர்வீகத்திலிருந்தே தெரியும். 1890-களில் அட்வாட்டர் என்கிற அமெரிக்க வேதியியல்காரர் ஒரு ஆளை மூடிய அறைக்குள் நாள்கணக்கில் இருக்கவைத்து, அவன் உடம்பு வெளிவிடும் சூட்டையும் மூச்சையும் அளந்தார். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று அவர் கொடுத்துவிட்டுப் போன கணக்குத்தான் இன்றும் பிஸ்கட் பாக்கெட் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் அந்த பிஸ்கட்டை எரித்துப் பார்ப்பதில்லை, பெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்க வேளாண் துறைக்காரர்கள் 2012-ல் முழுப் பாதாமை ஆட்களுக்குக் கொடுத்து, போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று நிஜமாகவே அளந்தார்கள். 28 கிராமுக்குப் பெருக்கல் கணக்கு ஏறக்குறைய 170. உடம்புக்குக் கிடைத்தது 129-தான். மிச்சம் செரிக்காமலே போய்விடுகிறது. இதை இவரிடம் விளக்கி, எண்களை இப்படிக் கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்றேன். "அப்ப பாதாம் கூட நாலு போட்டுக்கலாமா?" என்றார்.

இவ்வளவு கேலி பண்ணினாலும், எழுதியதால் பலன் இருந்ததா என்றால் இருந்தது. இல்லை என்று சொன்னால் பாவம். "நான் சாப்பிடுறதே ரெண்டு வாய்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த மனிதர், முதல் வாரம் எழுதி முடித்தபோது அவருக்கே முகம் செத்துவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 20 என்றால் சர்க்கரை மட்டுமே 200 கலோரி. தினமும் விடிகாலை வண்டியூர் தெப்பக்குளத்தை நாலு சுற்று வருகிறாரே, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், அதில் கரைவதில் பெரும்பகுதியை டீக்கடை பெஞ்சிலேயே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு இரண்டு புரோட்டா, சால்னா, ஒரு ஆஃபாயில் என்று போவார். செயலி அதற்குப் போட்ட கணக்கு ஆயிரத்தை ஒட்டி வந்தது. இதெல்லாம் நான் வாயால் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பெண்டாட்டி சொன்னால் நச்சரிப்பு, போன் சொன்னால் அறிவியல்.

இவர் மட்டும் இல்லை, எல்லாரும் இப்படித்தான். 1992-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு. "1200 கலோரிகூடச் சாப்பிடுவதில்லை, ஆனாலும் இளைக்கமாட்டேன் என்கிறது" என்றவர்களை நிஜமாக அளந்து பார்த்தபோது, சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னவர்கள் இல்லை. நின்றுகொண்டே வாயில் போடுவது மனதில் பதிவதில்லை, அவ்வளவுதான். உன் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிற மிக்சர் டப்பாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் மூன்றாவது தோசையைப் பற்றியும் சொல்லவில்லை, வார்டனம்மா.

அதனால் உன் மூட்டுவலிக்கு எடை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னால், இரண்டு வாரம் எழுதிப்பார். செயலி வேண்டாம், பழைய டைரி போதும். கலோரிகூட வேண்டாம், வாய்க்குள் போனது எல்லாவற்றையும் எழுது, அது போதும். ஓட்டை எங்கே என்று தெரிந்தவுடன் டைரியை மூடிவிடு. ஏனென்றால் அதற்கப்புறம்தான் என் வீட்டில் வினை ஆரம்பித்தது.

ஏழெட்டு கிலோ இறங்கியதும் முள் நின்றுவிட்டது. இவர் ஒரு காகிதத்தில் அட்டவணையே போட்டு வைத்திருந்தார். ஒரு கிலோவுக்கு 7700 கலோரி, தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ, ஆடிக்குள் கல்யாண எடை என்று. இந்தச் சூத்திரம் 1958-ல் ஒரு அமெரிக்க டாக்டர் எழுதியது. உடம்பு மாறாமல் அப்படியே இருந்தால்தான் சரிவரும். உடம்பு சிறுத்தால் அதற்கு வேண்டிய தீனியும் குறைந்துபோகும், போதாததற்கு அது சிக்கனமும் பிடிக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இளைக்கிற போட்டி நடத்தினார்களே, அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிப்பது, அவர்களுடைய உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. பெரும்பாலோர் இறக்கிய எடையில் ஒரு பெரும்பகுதியைத் திரும்ப ஏற்றியும் விட்டார்கள். 2016-ல் வந்தது. இதை எடுத்துச் சொன்னால் கேட்பாரா? டேலி ஆகவில்லை என்றால் யாரோ கையாடல் செய்கிறார்கள் என்றுதான் பேங்க் புத்திக்குத் தோன்றும். "நீதான் எண்ணெயைக் கூட ஊத்துற" என்று சொல்லிவிட்டார் மல்லிகா. என் அடுப்படியில் நின்றுகொண்டு, என்னிடம். மூன்று நாள் பேசவில்லை நான்.

கோபம் ஆறினதும் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். அதே அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் 2019-ல் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் பண்டம், இரண்டு வாரம் சமைத்த சாப்பாடு, வேண்டுமட்டும் சாப்பிடு என்று விட்டார்கள். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. பாக்கெட் வாரங்களில் நாளுக்கு 500 கலோரி தானாகவே கூடி, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். யாரையும் எண்ணச் சொல்லவில்லை. அதைப் படித்த அன்றைக்கே பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணினேன். நம்மிடம் வேறொரு கோளாறும் இருக்கிறது: காலை இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை, மூன்று வேளையும் அரிசியேதான். சோற்றைப் பாதியாக்கி, சுண்டல், முட்டை, கீரை என்று தட்டை நிரப்பினேன். எடை பழையபடி ஏறவில்லை, ஹெச்பிஏ1சி 5.8. அத்தனைக்கும் பெயர் செயலிக்குத்தான் போகிறது, அதை விடு.

இவ்வளவையும் போனிலேயே சொல்லியிருப்பேன். கடிதமாக எழுதுவதற்குக் காரணம் சின்னவள்.

வீட்டில் சதா எண் பேச்சு. "தோசை ரெண்டு, 300", "அம்மாச்சி, அந்த வடை 100" என்று அவளும் சொல்ல ஆரம்பித்தபோது நாங்கள் சிரித்தோம். பிளஸ் ஒன் பரீட்சை நேரத்தில் முகம் வற்றிப்போனது, படிப்புக் கவலை என்று இருந்துவிட்டோம். டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வந்தது. அவளோடு ஆட்டோவில் போகிற பிள்ளைதான், "அத்தை, அவ சாப்பாட்டை எங்ககிட்ட குடுத்துடுறா" என்றது. கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பென்சிலால் நுணுக்கி நுணுக்கி: இட்லி இரண்டு, ஆப்பிள் பாதி, டீ சர்க்கரை இல்லாமல். அடியில் கோடு போட்டு 610. அடுத்த நாள் 540. இரண்டாயிரத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டிய வயது அது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதை அதற்கப்புறம்தான் அவள் வாயிலிருந்து வாங்கினேன்.

ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சம். என்ன பார்க்கிறாள் என்று பயந்துபோய்ப் பிடுங்கினால் சமையல் வீடியோ. பிரியாணி, கேக், வரிசையாக. எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. 1944-45-ல் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் நாளுக்கு 1570 கலோரியில் வைத்து ஒரு சோதனை நடந்தது, போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று தெரிந்துகொள்ள. அவர்கள் சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்களாம். எரிந்து விழுந்தார்கள், எதிலும் மனம் ஒன்றவில்லை, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. அவர்களுக்கு 1570. என் பிள்ளைக்கு 540.

டாக்டரிடம் போனோம். அவர் ஒரு கவுன்சிலரிடமும் அனுப்பியிருக்கிறார், அந்தப் பெண் சின்ன வயசுதான், ஆனால் பொறுமைசாலி. வாரம் ஒரு தடவை கூட்டிப்போகிறேன். இவரிடம் நான் நோட்டைக் காட்டினேனே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் தராசு பரணில், செயலி போனில் இல்லை. இப்போது சின்னவளோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார், எண் பேச்சே கிடையாது. போன வாரம் மூன்றாவது தோசை கேட்டாள். இவர் என்னைப் பார்க்கவே இல்லை, தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் வரும் என்கிறார் கவுன்சிலர். சில நாள் பழையபடி முரண்டு பிடிக்கிறாள். எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஆவணியில் வரும்போது அவளைப் பார்த்து "ஐயோ, இளைச்சுட்டியே" என்று சொல்லிவிடாதே. "இப்பதான் அழகா இருக்க" என்றும் சொல்லாதே, அது இன்னும் மோசம். படிப்பைக் கேள், உன் ஸ்கூட்டரைப் பற்றிப் பேசு, எது வேண்டுமானாலும் பேசு, உடம்பை மட்டும் விட்டுவிடு. கௌரிக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவை. நான் சொன்னால் கல்யாணப் பந்தலில் அழுதுவிடுவாள். தூத்துக்குடி மக்ரூன் எப்போதும்போல் வாங்கி வா, பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் இரு.

பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடு. போன் வேண்டாம். நீ பேசினால் அடுத்த தெருவரை கேட்கும், இவள் பக்கத்து அறையில்தான் படிக்கிறாள்.

அன்புடன்,
உன் சாந்தி