முதுகு நீர்ப் பரிசோதனை நிதிக்கும் தமிழ்க் கையேட்டுக்கும் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி என்னும் அரிய நோயிலிருந்து மீண்டவர்களும், அவர்களை அருகிருந்து பார்த்துக்கொண்ட குடும்பத்தாரும், நரம்பியல் மருத்துவர் இருவரும் சேர்ந்த எங்கள் திருச்சிக் குழு, இரண்டு காரியங்களுக்காக உங்களிடம் பொருளுதவி கோருகிறது. ஒன்று, இந்நோயைக் குறித்து வீட்டாரும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் பணிபுரிவோரும் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க ஒரு தமிழ்க் கையேடு. மற்றொன்று, நோயை உறுதிப்படுத்தும் முதுகு நீர்ப் பரிசோதனைக்கு (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரை முதுகில் ஊசியால் எடுத்துப் பார்ப்பது) கையில் காசில்லாத குடும்பங்களுக்காக அன்றைக்கே செலுத்தி உதவ ஒரு சிறு நிதி.

இந்நோய் பெரும்பாலும் இளம் பெண்களையும் சிறுவர் சிறுமியரையும் பிடிக்கிறது. சில நாள் காய்ச்சல் அல்லது தலைவலி. பிறகு தூக்கம் கெடுகிறது. காரணமில்லாத அழுகை, சந்தேகம், யாரோ பேசுவதுபோல் காதில் குரல். தேர்வு பயம் என்பார்கள், காதல் தோல்வி என்பார்கள், காத்து கறுப்பு என்பார்கள். மந்திரிப்பவரிடம் ஒரு வாரம், குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் என்று நாள் போகும். அப்படிப் போனவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. எங்களில் சிலரே போனவர்கள்தாம். அதற்குள் பேச்சு குறைந்து, வாய் எதையோ மெல்லுவதுபோல் ஓயாமல் அசைய, வலிப்பு வந்து, உடல் விறைத்து, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் தாறுமாறாகி, செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கும் நிலைக்குக்கூட நோயாளி போய்விடலாம்.

நடப்பது இதுதான். கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள், நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருந்து செய்தி வாங்கும், நினைவுக்கும் கற்றலுக்கும் இன்றியமையாத என்எம்டிஏ ஏற்பிகளின்மீது ஒட்டிக்கொள்ள, நரம்பணுக்கள் அந்த ஏற்பிகளைத் தம் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அணு சாவதில்லை, ஏற்பிதான் மறைகிறது. ஆன்டிபாடி குறைந்தால் ஏற்பி மீண்டும் மேலே வரும் என்பதால்தான், மாதக்கணக்கில் நினைவிழந்து கிடந்தவர்களும் எழுந்து நடக்கிறார்கள். சில பெண்களுக்குச் சூலகத்தில் டெரடோமா என்னும் கட்டி இருக்கும். அதிலுள்ள நரம்புத் திசுவை எதிர்க்கப் புறப்பட்ட உடல், மூளையையும் சேர்த்தே தாக்கிவிடுகிறது. அக்கட்டியை அகற்றுவதும் சிகிச்சையின் பகுதி. வேறு சிலருக்கு, ஹெர்பிஸ் வைரஸால் வந்த மூளைக்காய்ச்சல் தணிந்த சில வாரங்களில் இது தொடங்குகிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் இந்த ஆன்டிபாடியை அடையாளம் கண்டு எழுதியது 2007-இல்தான். அதற்குமுன் இந்நோய் வந்தவர்கள் என்ன பெயரில், எந்த வார்டில் கிடந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கவே மனம் துணியவில்லை. 2009-இல் நியூயார்க் பத்திரிகையாளர் சூசன்னா கஹலனை மனநோயாளி என்று பலரும் கருதியிருந்தபோது, மருத்துவர் சூகெல் நஜ்ஜார் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் அவர் வட்டத்தின் வலப் பாதியிலேயே எழுதியதைக் கண்டு, கோளாறு மூளையில் என்று மருத்துவர் உணர்ந்தார்.

எல்லா மருத்துவமனையிலும் ஒரு நஜ்ஜார் இருக்கமாட்டார். ஆனால் பரிசோதனை இருக்க முடியும். எம்ஆர்ஐ படம் பல நோயாளிகளுக்கு இயல்பாகவே வருவதால், 'மூளையில் ஒன்றுமில்லை' என்ற சொல்லோடு வீடு திரும்பும் ஆபத்து உண்டு. இரத்தத்தை மட்டும் பார்ப்பதும் போதாது: 250 நோயாளிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், முதுகு நீரில் எல்லோருக்கும் ஆன்டிபாடி தெரிந்தது, இரத்தத்திலோ ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத் தெரியவில்லை. முதுகில் நீர் எடுத்தால் கால் முடங்கிவிடும் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஊசி, தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் இறங்குகிறது என்பதைப் படத்துடன் விளக்குவதற்கே கையேட்டில் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறோம்.

2013-இல் வெளியான, 577 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டாண்டு வரை கண்காணிக்கப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தனர். சிகிச்சை விரைவில் தொடங்கியவர்களே கூடுதலாகத் தேறினர். நோயெதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு, கொடையாளர் இரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்தான இம்யூனோகுளோபுலின், இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றம், தேவையானால் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து என்பது சிகிச்சை வரிசை. இதில் இம்யூனோகுளோபுலின் வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐந்து நாளில் 100 கிராம். அந்தச் செலவை ஏற்கும் வலிமை எங்கள் குழுவுக்கு இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் ஏற்க நினைப்பது அதற்கு முந்தைய, அதைவிட மிகச் சிறிய பரிசோதனைச் செலவை மட்டுமே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனநிலை பிறழ்ந்த எல்லோருக்கும் இந்நோய் இருப்பதில்லை, பெரும்பாலோருக்கு இல்லை. ஆகவே, குடும்பத்தார் விரும்பினார்கள் என்பதற்காக மட்டும் பரிசோதனைக்குப் பணம் தரமாட்டோம். திடீரென்று தொடங்கிய மனக்குழப்பத்துடன் வலிப்போ, விறைப்போ, வாய் அசைவோ, பேச்சுக் குறைவோ சேர்ந்திருப்பதாகச் சிகிச்சை தரும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால், பணம் ஆய்வகத்துக்கு நேரடியாகச் செலுத்தப்படும்.

இவ்வாண்டுக்கு நாங்கள் திரட்ட எண்ணும் தொகை 6 லட்சம் ரூபாய்: பரிசோதனை நிதிக்கு 4 லட்சம், கையேட்டை அச்சிட்டு அனுப்ப 2 லட்சம். கையேட்டை எழுதுவோரும் மருத்துவ நோக்கில் சரிபார்ப்போரும் ஊதியம் பெறவில்லை. கையேடு விற்பனைக்கு அன்று. வேண்டுவோர் படியெடுத்துக் கொள்ளலாம்.

நன்கொடையைக் குழுவின் வங்கிக் கணக்குக்குக் காசோலையாகவோ இணையவழியாகவோ செலுத்தலாம். கணக்கு விவரம் இணைப்புத் தாளில் உள்ளது. ரொக்கமாகத் தருபவர்கள் பொருளாளரின் கையொப்பமிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுகிறோம். 80ஜி வரிச்சலுகைக்கான பதிவு எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அச்சலுகை தேவைப்படுவோர் அதுவரை பொறுத்திருப்பதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் எல்லோருக்கும் அஞ்சலில் வரும். உதவி பெற்றவர்களின் எண்ணிக்கை அதில் இருக்கும், பெயர்கள் இருக்கமாட்டா.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்,
திருச்சிராப்பள்ளி